எந்த நாளின் மதிப்பெண்?

2020 டிசம்பரில் ஐஜிஎன் தளம் ‘சைபர்பங்க் 2077’ என்ற ஒரே கேமுக்கு இரண்டு மதிப்பெண் போட்டது. கணினிப் பதிப்புக்குப் பத்துக்கு ஒன்பது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளுக்குப் பத்துக்கு நான்கு. கதை ஒன்றுதான், வசனம் ஒன்றுதான், கியானு ரீவ்ஸ் நடித்த பாத்திரமும் ஒன்றுதான். வேறுபட்டது ஓடிய இயந்திரம். விலையுயர்ந்த கணினியில் நியான் விளக்கும் மழைநீருமாக ஜொலித்த நகரம், பழைய கன்சோலில் மங்கிப்போன முகங்களோடும், உருவம் கூடி வரவே சில நொடிகள் எடுத்துக்கொண்ட மனிதர்களோடும், திடீர் திடீரென்று நின்றுபோகும் திரையோடும் வந்தது. ஒன்பது முதலில் வந்தது. நான்கு வருவதற்குள் கேம் கடைக்கு வந்து, லட்சக்கணக்கானோர் பணம் கட்டிவிட்டார்கள்.

அது தற்செயல் இல்லை. போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனம் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களிடம் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்தது. அப்போதும், வீடியோ விமர்சனத்தில் சொந்தமாகப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டக்கூடாது, நிறுவனம் தரும் காட்சிகளையே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. முன்பதிவே 80 லட்சம் பிரதி. அந்த டிசம்பரில் சென்னையிலோ மதுரையிலோ பிளேஸ்டேஷனில் ஆடுவதற்காக இதை வாங்கியவர் கையில் இருந்தது பிளேஸ்டேஷன் 4 ஆகத்தான் இருந்திருக்க முடியும். பிளேஸ்டேஷன் 5 இந்தியக் கடைகளுக்கு வந்ததே 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி. உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த உயர்ந்த மதிப்பெண் அவருடைய இயந்திரத்தைப் பற்றியதே அல்ல.

வெளியாகி ஒரு வாரம் ஆனதும் சோனி அந்த கேமைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்தது. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடையில் வைக்க ஆறு மாதம் ஆனது. விமர்சன மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இன்றைக்கும் கணினிப் பதிப்புக்கு 86, பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 57.

வீடியோ கேம் மதிப்பெண் பற்றிய சண்டை பல பத்தாண்டுப் பழசு. எண் வேண்டுமா வேண்டாமா, ஏழு என்றால் நல்லதா கெட்டதா, விமர்சகர் விலைபோனாரா இல்லையா என்றே அது பெரும்பாலும் சுற்றி வருகிறது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் இடம் உண்டு. ஆனால் அவற்றின் அடியில் இருக்கிற கேள்வி வேறு. ஒரு மதிப்பெண் எந்த நாளில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணி நேரம் ஆடி, யார் கொடுத்த பிரதியை வைத்துப் போடப்பட்டது? இந்த நான்கையும் கழற்றிப் போட்டுவிட்டு எண்ணை மட்டும் ஊர் ஊராக அனுப்புவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

எண் போடும் வழக்கம் அச்சு இதழ்களிலிருந்து வந்தது. 1986-இல் தொடங்கிய ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் நான்கு விமர்சகர்களை உட்காரவைத்து, ஆளுக்குப் பத்து என்று மொத்தம் நாற்பதுக்கு மதிப்பெண் போட்டது. முழு நாற்பதை முதலில் வாங்கியது 1998-இல் வந்த ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’. பிரிட்டனின் எட்ஜ் இதழ் முதல் பத்துக்குப் பத்தை 1996-இல் ‘சூப்பர் மரியோ 64’-க்குக் கொடுத்தது. அதே பிரிட்டனில் 1991 முதல் 1996 வரை வந்த அமிகா பவர் இதழ் ஒரு கொள்கையில் பிடிவாதமாக இருந்தது: நூற்றுக்கு ஐம்பது என்றால் சுமார், அவ்வளவுதான். பூஜ்யம் முதல் நூறு வரை முழு அளவையையும் பயன்படுத்தாவிட்டால் அளவை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் கேம் வெளியிடுபவர்களுக்கு அந்த இதழைப் பிடிக்கவே இல்லை.

மற்ற இதழ்களில் அளவையின் கீழ்ப்பாதி மெல்ல மெல்லக் காணாமல் போனது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 35 எடுத்தால் தேர்ச்சி. கேம் உலகில் 70 எடுத்தால் வீட்டில் திட்டு விழும். மெட்டாகிரிட்டிக்கே இதை ஏற்றுக்கொண்ட மாதிரி நடக்கிறது. படங்களுக்கு 61 எடுத்தாலே பச்சை நிறம் தரும் அந்தத் தளம், கேம்களுக்கு 75 எடுத்தால்தான் பச்சை தரும். 50 முதல் 74 வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு.

விமர்சகர்கள் தாராள மனசுக்காரர்கள் என்பதால்தான் இப்படி என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையான காரணம் இன்னும் சாதாரணமானது. 2024-இல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. ஒரு பெரிய தளம் ஆண்டுக்குச் சில நூறு கேம்களைத்தான் விமர்சிக்க முடியும். ஐம்பது மணி நேரம் உட்கார்ந்து ஆடத் தகுதியானது என்று ஆசிரியர் நினைப்பதுதான் மேசைக்கே வருகிறது. மோசமானவை சல்லடையிலேயே தங்கிவிடுகின்றன; அவற்றுக்குச் சிவப்புகூடக் கிடைப்பதில்லை. மிஞ்சியவை 70-க்கும் 90-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்தக் கூட்டத்தில் 84-க்கும் 85-க்கும் உள்ள வேறுபாடு வாசிப்பவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒற்றை எண்ணில் சிலருடைய சம்பளம் இருந்திருக்கிறது.

2010-இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கியது கலிபோர்னியாவின் அப்சிடியன் ஸ்டுடியோ, வெளியிட்டது பெதஸ்தா. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு. வந்தது 84. இதை 2012-இல் வெளியே சொன்னவர் அப்சிடியனின் இணை நிறுவனர் கிறிஸ் அவலோன். அதே ஆண்டு ஒரு வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்த ஆவணத்திலிருந்து இன்னொன்றும் தெரியவந்தது. ‘டெஸ்டினி’யை உருவாக்கவிருந்த பங்கி நிறுவனத்துக்கும் ஆக்டிவிஷனுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், கேம்ராங்கிங்ஸ் என்ற இன்னொரு தொகுப்புத் தளத்தில் 90 வந்தால் 25 லட்சம் டாலர் என்று ஒரு பிரிவு இருந்தது. பிற்பாடு வந்த ‘டெஸ்டினி’ மெட்டாகிரிட்டிக்கில் 76-இல் நின்றது. 2004-இலேயே வார்னர் பிரதர்ஸ் கேம் பிரிவு இதற்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது: உரிமம் வாங்கித் தன் படங்களைக் கேமாக்குபவர்கள் 70-க்குக் கீழே வாங்கினால் கூடுதல் ராயல்டி கட்ட வேண்டும் என்றது. 2012-இல் ஒரு பெயர்பெற்ற ஸ்டுடியோவின் வேலை விளம்பரத்தில், 85-க்கு மேல் வாங்கிய கேமில் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது தகுதியாகவே எழுதப்பட்டிருந்தது.

இந்த எண் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு மாற்றுகிறது. ஐந்து நட்சத்திரத்தில் மூன்று கொடுப்பவர் ‘பரவாயில்லை, ஆடலாம்’ என்ற பொருளில் கொடுத்திருப்பார். அது 60 ஆகி, 70-க்கும் 90-க்கும் நடுவே நிற்கும் கூட்டத்தில் பெரிய அடியாக விழுகிறது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எடையிட்ட சராசரி. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதில்லை. ஒரு தொழிலாளியின் ஊக்கத்தொகையைத் தீர்மானித்த கணக்கின் வாய்பாடு அந்தத் தொழிலாளிக்கே தெரியாது. விமர்சனம் எழுதியவருக்கும் தெரியாது.

இன்னொரு விதியும் உண்டு: ஒரு தளம் முதலில் வெளியிட்ட மதிப்பெண்ணே கணக்கு. பின்னால் மாற்றினாலும் மெட்டாகிரிட்டிக் மாற்றாது. 2012-இல் ‘நேச்சுரல் செலக்‌ஷன் 2’ என்ற சிறிய கேமுக்கு கேம்ஸ்பாட் ஆறு கொடுத்தது. விமர்சனத்தில் தகவல் பிழைகள் இருப்பதை வாசகர்கள் சுட்டிக்காட்ட, தளம் அதைத் திரும்பப் பெற்று, வேறொருவரை ஆடவைத்து எட்டு கொடுத்தது. மெட்டாகிரிட்டிக்கில் ஆறு ஆறாகவே இருந்தது. விதிக்குக் காரணம் இருக்கிறது. மாற்ற இடம் கொடுத்தால், வெளியீட்டாளர்கள் தொலைபேசியை எடுத்து இதழ்களை நெருக்குவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தவறு என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டதைக்கூடத் திருத்த வழியில்லாத ஒரு பதிவேட்டை நம்பித் தொழில் ஒப்பந்தம் எழுதியது கேம் நிறுவனங்கள்தான், தளம் அல்ல. ‘சைபர்பங்க்’கில் வேலை செய்தவர்களின் ஊக்கத்தொகையும் 90-க்கு மேல் மதிப்பெண் வருவதோடு முடிச்சிடப்பட்டிருந்தது. வெளியீட்டுக்குப் பின் அந்த நிபந்தனையை நிறுவனமே கைவிட்டுப் பணத்தைக் கொடுத்தது. நிர்வாகம் தேதியை முடிவுசெய்து, பழைய கன்சோலில் ஓடாத ஒன்றைக் கடைக்கு அனுப்பிய பிறகு, மதிப்பெண் குறைந்ததற்கு அனிமேஷன் செய்தவர் எப்படிப் பொறுப்பாவார்?

பணத்தின் நெருக்கடி விமர்சகர் பக்கமும் உண்டு. இதில் எல்லோரும் சொல்லும் கதை 2007 நவம்பரில் நடந்தது. கேம்ஸ்பாட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அதே நேரத்தில் அந்தத் தளம் முழுக்க அந்த கேமின் விளம்பரம். சில நாளில் அவர் வேலையை இழந்தார். என்ன நடந்தது என்று அவரால் 2012 வரை வெளிப்படையாகப் பேச முடியவில்லை, ஒப்பந்தம் தடுத்தது. பேசியபோது, குறைந்த மதிப்பெண்களால் விளம்பரதாரர்கள் கோபமடைந்ததும், புதிதாக வந்த நிர்வாகிகளுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாததுமே காரணம் என்றார்.

அப்படி வெளிப்படையான விரட்டல் அபூர்வம். அன்றாடம் நடப்பது இன்னும் அமைதியான கட்டுப்பாடு. விமர்சனத்தை எந்த நாள், எந்த மணிக்கு வெளியிடலாம் என்று வெளியீட்டாளர் விதிக்கும் தடைக்காலம் அதில் முக்கியமானது. இதழ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அரைகுறையாக ஆடி எழுதாமல் இருக்க அது உதவுகிறது என்பது உண்மை. 2014 நவம்பரில் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ வந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. அமெரிக்காவில் நள்ளிரவில் கேம் விற்பனைக்கு வந்தது. விமர்சனத் தடை விலகியது நண்பகலில். முகத்தின் தோல் காணாமல் போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் பாத்திரங்களின் படங்கள் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் வாங்கியவர்கள் வழியாகவே உலகுக்குத் தெரிந்தன. பின்னால் யூபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, ‘டெட் கிங்ஸ்’ என்ற கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தது.

யூடியூபும் ஸ்ட்ரீமிங்கும் வளர்ந்த பிறகு, அச்சிதழுக்கு இருந்த விளம்பரப் பிரிவு, ஆசிரியர் பிரிவு என்ற நடுச்சுவர்கூட இல்லாத ஆட்கள் களத்துக்கு வந்தார்கள். ‘ஷேடோ ஆஃப் மார்டார்’ கேமைப் புகழ்ந்து பேச யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அது பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்யவில்லை என்று வார்னர் பிரதர்ஸ் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது; 2016-இல் சமரசம் ஆனது. 2024 ஆகஸ்டில் சீனாவின் ‘பிளாக் மித்: வுகாங்’ வந்தபோது முன்கூட்டிப் பிரதி பெற்ற சில ஸ்ட்ரீமர்களுக்கு ஒரு குறிப்பு போனது. அரசியல் கூடாது, ‘பெண்ணியப் பிரசாரம்’ கூடாது, கோவிட் என்ற சொல் கூடாது. அந்த கேம் மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றது. அதன் சண்டைக் காட்சிகள் அந்த வெற்றிக்குத் தகுதியானவையும்கூட. தகுதியுள்ள ஒன்றுக்கு இப்படி ஒரு கடிவாளம் ஏன் தேவைப்பட்டது என்பதே வருத்தம்.

விமர்சகரை நெருக்குவது நிறுவனம் மட்டுமல்ல. 2017 மார்ச்சில் ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கேமுக்கு ஒரு சுயேச்சை விமர்சகர் பத்துக்கு ஏழு கொடுத்தார். மெட்டாகிரிட்டிக்கில் 98 என்றிருந்தது 97 ஆனது. ரசிகர்கள் அவருடைய தளத்தையே முடக்கினார்கள். ‘சைபர்பங்க்’குக்கு வெளியீட்டுக்கு முன்பே ஏழு கொடுத்த கேம்ஸ்பாட் விமர்சகர் ஒரு பெண், அவருக்கு வந்து குவிந்த வசையை அச்சில் போட முடியாது. சொந்தமாக ஒரு நிமிடம்கூட அந்த கேமை ஆடியிராதவர்கள் திட்டினார்கள். அவர் எழுதியதில் பாதிக்குமேல் சரி என்று அடுத்த வாரமே தெரிந்தது. யாரும் போய் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. ஓர் எண், வாங்குவதற்கான யோசனை என்ற நிலையிலிருந்து தன் ரசனைக்கான சான்றிதழ் என்ற நிலைக்குப் போய்விட்டால் இப்படித்தான் நடக்கும்.

எண்ணால் சொல்ல முடியாததைப் பார்க்க ஒரு தமிழ் எடுத்துக்காட்டே இருக்கிறது. கனடாவின் டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1980-களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதி, மகன் கவின். ஆடுபவரின் வேலை சமைப்பது. வெண்பாவின் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பேட்டின் பக்கங்கள் கிழிந்தும் மைகரைந்தும் கிடக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும், புட்டுக் குழலில் எது முதலில் எது பிறகு என்பதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் மறுபடி செய்யலாம், தண்டனை இல்லை. வெண்பா வேகமாகப் பேசும் தமிழ் மகனுக்குப் பிடிபடாத இடத்தில் திரையில் சொற்கள் மங்கிப்போகின்றன. மொழி கைநழுவுவதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடும் அந்த உத்தியைப் படத்திலோ நாவலிலோ இப்படிச் செய்ய முடியாது.

இதை முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. விமர்சனங்களில் மிகுதியாக வந்த குறையும் அதுதான்: சிறியது, இன்னும் இருந்திருக்கலாம். விமர்சகர்கள் சராசரியில் 80-ஐ ஒட்டி நிறுத்தினார்கள். 2024-இல் அதே ‘வெண்பா’ பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும், சுயேச்சை கேம் விழாவின் தலைமை விருதான ஷேமஸ் மக்நாலி பரிசையும் வாங்கியது. 80 என்பது தவறா? தவறில்லை. நூறு மணி நேரம் ஓடும் ‘எல்டன் ரிங்’கின் 96-ஐ அளக்கும் அதே கோலால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் குடும்பக் கதையையும் அளந்தால் கிடைக்கிற எண் அது. முதலாவதில் ஆடுபவர் திரும்பத் திரும்பத் தோற்று ஒரு பூதத்தை வெல்வதன் இன்பம். இரண்டாவதில் தோல்வி என்ற ஒன்றே இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி எது எத்தனை புள்ளி மேலே என்று கேட்பதில் கிடைப்பது ஒன்றுமில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த அளவுள்ள கேமை முழுக்க ஆடி முடித்துவிட்டே ஒருவர் பணத்தை வாங்கிக்கொள்ள முடியும்.

விமர்சகர்களை நம்பாதவர்கள் ஆடுபவர்களின் கருத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஸ்டீமில் ஆடுபவர் எண் போடுவதில்லை. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டே பொத்தான். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது கருத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். பணம் கொடுத்து வாங்கினாரா, இலவசப் பிரதியா என்பதும் தெரியும். விமர்சன இதழ்கள் பலவற்றைவிட இந்த விஷயத்தில் கடையே நேர்மையாக இருக்கிறது. பரிந்துரைத்தவர்களின் சதவீதத்தோடு கூடவே, அண்மைக் காலக் கருத்து தனியாக, மொத்தக் கருத்து தனியாக என்று காட்டுவதால் காலமும் கணக்கில் வந்துவிடுகிறது.

இதன் பலன் ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் தெரிந்தது. 2016 ஆகஸ்டில் சொன்னதில் பாதி இல்லாமல் வந்து, ஸ்டீமில் வசை மழையில் நனைந்த கேம் அது. ஹலோ கேம்ஸ் என்ற சின்ன ஸ்டுடியோ வாக்குவாதத்துக்கே போகாமல் ஆண்டுக்கு ஆண்டு இலவச அப்டேட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. எட்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அதன் மொத்தக் கருத்து ‘மிகவும் சாதகம்’ என்ற நிலைக்கு ஏறியது. ‘சைபர்பங்க்’கும் 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு வேறு கேம் மாதிரியே ஆகிவிட்டது. விமர்சகர் 2020-இல் எழுதியது பொய்யாகிவிடவில்லை. அவர் ஆடிய கேம் இப்போது கடையில் இல்லை, அவ்வளவுதான். புத்தக மதிப்புரைக்கும் பட விமர்சனத்துக்கும் வராத சிக்கல் இது.

ஆனால் கூட்டத்தின் கருத்தும் கூட்டமாகவே நடந்துகொள்கிறது. 2020 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்: இரண்டாம் பாகம்’ வந்தபோது விமர்சகர்களின் சராசரி 93. முடிக்க இருபத்தைந்து மணி நேரமாவது ஆகும் கேம். வெளியான சில மணி நேரத்திலேயே மெட்டாகிரிட்டிக்கின் பயனர் பகுதியில் பூஜ்யங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கதையில் ஒரு பாத்திரத்துக்கு நேர்ந்த முடிவும், பெண்பாத்திரங்கள் வரையப்பட்ட விதமும் முன்கூட்டியே கசிந்து, ஆடாமலேயே கோபப்பட்டவர்கள் போட்டவை அவை. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. 2019 முதல் ஸ்டீமும், கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் குவியும் எதிர்க்கருத்துகளைக் கணக்கிலிருந்து ஒதுக்குகிறது.

எல்லாக் குவியலும் அநியாயமல்ல என்பதற்கு 2024 மே மாதம் சாட்சி. சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமைக் கணினியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்று, வெளியாகி மூன்று மாதம் ஆனபின் அறிவிப்பு வந்தது. அந்தச் சேவை அதிகாரபூர்வமாகவே இல்லாத நாடுகள் நூற்றுக்கும் மேல். இலங்கையும் அவற்றில் ஒன்று. பணம் கொடுத்து வாங்கிய கேம் ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரே அறிவிப்பில் பூட்டிக்கொள்ளும் நிலை. ஒரு வார இறுதிக்குள் ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்க்கருத்துகள் விழ, சோனி பின்வாங்கியது. கேமின் சண்டைக்கோ ஓவியத்துக்கோ அது மதிப்பீடு இல்லை, நுகர்வோர் போராட்டம். வேறு எந்தக் கதவும் திறக்காதபோது மதிப்பெண் பலகையையே அவர்கள் முழக்க அட்டையாகத் தூக்கினார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2025 ஆகஸ்டில் ஸ்டீம் இன்னொரு மாற்றம் செய்தது. கருத்துகளை மொழிவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டுக் காட்டத் தொடங்கியது. அடுத்த மாதமே அதற்குச் சோதனை வந்தது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி ஏழாண்டு உழைத்து வெளியிட்ட ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’, உலகமே காத்திருந்த கேம். அது வெளியான செப்டம்பர் 4 அன்று கடைகளின் சர்வர்களே தடுமாறின. ஆங்கிலத்தில் ஆடியவர்கள் கொண்டாடினார்கள். எளிய சீனத்தில் கருத்து பெரும்பாலும் எதிர்மறை. காரணம் மொழிபெயர்ப்பு. மூலத்தின் சுருக்கமான, அடங்கிய பேச்சு சீனத்தில் செயற்கையான பழந்தொனியில் வந்து ஆட்டத்தையே கெடுக்கிறது என்றார்கள். திருத்துவதாக ஸ்டுடியோவும் ஒப்புக்கொண்டது. ஒற்றைச் சராசரியில் இந்தக் குறை கரைந்தே போயிருக்கும். மொழிவாரியாகப் பிரித்ததால் தெரிந்தது. சீனத்தில் ஆடுபவர் வாங்குவது ஆங்கிலத்தில் ஆடுபவர் வாங்குவதே அல்ல என்பதை ஒரு கடை எண்ணிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது.

‘சில்க்சாங்’ இன்னொரு வகையிலும் தனி. முன்கூட்டி விமர்சகர் எவருக்கும் பிரதி தரவில்லை. நிதி திரட்டியபோது பணம் கொடுத்த ரசிகர்களுக்கு முன்னால் விமர்சகர்கள் ஆடுவது நியாயமில்லை என்று ஸ்டுடியோ நினைத்தது. அதனால் விமர்சகரும் வாசகரும் ஒரே மணியில் தொடங்கினார்கள். பல தளங்கள் மதிப்பெண்ணைத் தள்ளிப்போட்டு, ஆட ஆடக் குறிப்பாக எழுதின. முதல் நாளில் தீர்ப்பு இல்லை என்பதால் யாரும் நஷ்டப்படவில்லை. மாறாக, மூன்றாம் பகுதிவரை போய்த் திணறியவரின் எழுத்தை வாசகரும் திணறிக்கொண்டே படித்தார். கேம் விமர்சனம் இவ்வளவு உயிரோடு இருந்த வாரங்கள் அண்மையில் குறைவு.

எண்ணையே விட்டுவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. கொட்டாகு தளம் மதிப்பெண் போடுவதில்லை. 2015-இல் யூரோகேமர் மதிப்பெண்ணைக் கைவிட்டு, பரிந்துரை முத்திரைக்கு மாறியது. வெளியான பிறகும் கேம்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதும், சராசரித் தளங்களின் பிடியும் அதற்கான காரணங்களில் அடங்கும். 2018-இல் பாலிகனும் விட்டது. ஆனால் 2023-இல் யூரோகேமர் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. எண் இல்லாத விமர்சனம் தொகுப்புத் தளங்களின் சராசரியில் சேராது. சேராதது அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்குபவர் கண்ணிலும் படாது.

அந்தச் சராசரிக்கே இப்போது வேறொரு ஆபத்து. பல பேர் தனித்தனியாக யோசித்துச் சொன்னால்தான் சராசரிக்குப் பொருள். 2024-இல் ஐஜிஎன், யூரோகேமரும் ராக் பேப்பர் ஷாட்கன்னும் அடங்கிய கேமர் நெட்வொர்க்கை வாங்கியது. அதே ஆண்டு, மெட்டாகிரிட்டிக்குக்குப் போட்டியாக எடையே இல்லாத நேர்ச் சராசரி போட்டுவந்த ஓபன்கிரிட்டிக்கை வால்நெட் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டு பாலிகனையும் வாங்கியது, அங்கிருந்த பலர் வேலை இழந்தார்கள். விமர்சனம் எழுதும் இதழ்களையும் மதிப்பெண்களைக் கூட்டி வகுக்கும் தளத்தையும் ஒரே வீடு வைத்திருக்கிறது. 1991-இல் தொடங்கிய கேம் இன்ஃபார்மர் இதழை 2024 ஆகஸ்டில் அதன் உரிமையாளரான கேம்ஸ்டாப் ஒரே நாளில் மூடியது. பழைய விமர்சனங்கள் உட்பட இணையதளமே இருண்டது. 2025 மார்ச்சில் பழைய ஊழியர்களோடு இதழை மீட்டெடுத்தது கன்சில்லா கேம்ஸ். அது கேம் உருவாக்கும் நிறுவனம். இதழின் ஆசிரியர் பிரிவு சுதந்திரமாகவே இயங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். கன்சில்லாவின் கேமுக்கு அந்த இதழ் என்ன எழுதும், எப்படி எழுதும் என்பதை வாசகர்கள் இதழ் இதழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.